குறைதிறன் லேசர் கருவி வாங்குவோர் கவனத்திற்கு

சென்ற ஆண்டு கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல், கிழக்குத் தில்லியில் இயன்முறை மருத்துவ நிலையம் நடத்திவரும் என் அக்காள் மகன் மூன்று விளம்பரப் புத்தகங்களைக் கொணர்ந்து என் முன் வைத்தான். இயன்முறை மருத்துவம் என்பதைவிடப் பிசியோதெரபி என்றால்தான் பலருக்கும் விளங்கும். ‘மாமா, சொற்களை நிறுத்துப் பார்ப்பது உங்கள் தொழில். இந்த மூன்று லேசர் கருவிகளில் எதை வாங்கலாம் என்று படித்துச் சொல்லுங்கள்’ என்றான்.

நான் இலக்கியம் பயின்றவன். பௌதிகத்திடம் பள்ளியிலேயே விடைபெற்றுக்கொண்டவன். எனினும் மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளனாக நெடுங்காலம் காகிதங்களோடு மல்லாடிய பழக்கத்தால், ஒரு சொல் ஒரே பக்கத்தில் இரண்டு பொருள்களில் வழங்கினால் அது என் கண்ணை உறுத்தும். அந்த மூன்று புத்தகங்களிலும் ‘பவர்’ என்ற சொல் மூன்று பொருள்களில் வழங்கியிருந்தது. ஒன்றில் இருபது வாட் என்றும், மற்றொன்றில் ஐந்நூறு மில்லிவாட் என்றும், மூன்றாவதில் நூறு மில்லிவாட் என்றும் அச்சிட்டிருந்தார்கள். முதற்பார்வைக்கு இருபது வாட்டே பெரியது. என் மருமகனும் அதன்மேல்தான் மனம் வைத்திருந்தான். ஆனால், அம்மூன்றில் மிகக் குறைந்த ஒளியைத் தருவது அதுவே என்பது ஒரு வாரம் படித்த பிறகே எங்களுக்குப் புலனாயிற்று. அவ்வாறு அறிந்தவற்றையே இன்று நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் நம்மவர் பலர் இத்தொழிலிலும் பல் வைத்தியத்திலும் ஈடுபட்டிருக்கின்றனர். கருவி வாங்காதவர்களும் நோயாளிகளாக அதன்முன் அமர நேரலாம்.

லேசர் என்றவுடன் எரிப்பதும் அறுப்பதும் நம் நினைவுக்கு வருகின்றன. இங்கே பேசப்படுவது அத்தகையது அன்று. அமெரிக்காவில் தியோடர் மைமன் 1960-ஆம் ஆண்டில் மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசரை இயக்கிக் காட்டினார். சில ஆண்டுகளில், பாஸ்டன் நகரில் மக்கஃப் என்பார் லேசர் ஒளியால் விலங்குகளின் புற்றுக்கட்டிகளை அழிக்க முயன்றார். ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்னும் மருத்துவர் 1967-இல் அதே சோதனையை எலிகளிடம் செய்துபார்த்தார். அவரிடமிருந்த லேசரின் திறனோ மிகச் சிறியது. கட்டிகள் கரையவில்லை. ஆனால், மயிர் மழித்த முதுகில் ஒளிபட்ட எலிகளுக்கு ஒளிபடாத எலிகளைவிட விரைவில் மயிர் முளைத்தது. பின்னர் புண் ஆறுவதிலும் அதே விளைவை அவர் கண்டார். கருவியின் பலவீனத்தாலேயே கண்டுபிடிக்கப்பட்ட சிகிச்சை இது என்று சொல்லலாம்.

இவ்வொளி உடலில் என்ன செய்கிறது என்பதற்குப் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் ஒன்று உண்டு. உயிரணுவினுள் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்பு இருக்கிறது. அதுவே அணுவின் அடுப்பங்கரை. அங்குள்ள சைட்டோகுரோம் சி ஆக்ஸிடேஸ் என்ற நொதி, சிவப்பு ஒளியையும் அதற்கு அடுத்துள்ள கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் ஏற்றுக்கொள்கிறது. அதனால் அணுவின் ஆற்றல் உற்பத்தி பெருகுகிறது. வீக்கமும் வலியும் தணிகின்றன. ஆனால் இதில் ஒரு நுட்பம் உண்டு. அளவு குறைந்தால் ஒன்றும் நிகழாது. அளவு மிகுந்தாலோ, கிடைத்த பயனும் குன்றிவிடும். சிலவேளை எதிர்விளைவும் உண்டாகும். அளவறிந்து இடவேண்டிய உப்பைப் போன்றது இது. ஆதலால், எத்தனை வாட் என்ற கேள்விக்கு முன்பு, எந்த நோய்க்கு, எவ்வளவு ஆற்றல், எத்தனை நேரத்தில் என்ற கேள்வி நிற்கிறது.

திறன் வேறு, ஆற்றல் வேறு. குழாயிலிருந்து நொடிக்கு எவ்வளவு நீர் விழுகிறது என்பது திறன். குடத்தில் மொத்தம் எவ்வளவு சேர்ந்தது என்பது ஆற்றல். திறனை வாட்டிலும் ஆற்றலை ஜூலிலும் அளப்பர். வாட்டை நொடியால் பெருக்கினால் ஜூல் கிடைக்கும். நோயாளிக்கு வேண்டியது குடத்து நீரே. ஓரிடத்தில் நான்கு ஜூல் செலுத்தவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நூறு மில்லிவாட் கருவிக்கு அதற்கு 40 நொடி ஆகும். பத்து இடங்களில் செலுத்த ஏழு நிமிடத்திற்கும் குறைவு. இருபது மில்லிவாட் கருவிக்கோ ஓரிடத்திற்கு 200 நொடி; பத்து இடங்களுக்கு அரை மணி நேரத்துக்கு மேல். வாயிலில் எட்டுப் பேர் காத்திருக்கையில் எந்த மருத்துவர் ஒருவரிடம் அரை மணி நேரம் கருவியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்? ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். கருவி பொய்யில்லாததாக இருந்தாலும் சிகிச்சை பொய்யாகிவிடும்.

இனி அந்த இருபது வாட் கருவிக்கு வருவோம். அது 904 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியைத் தொடர்ச்சியாக வீசுவது அன்று. மின்னல்போல் விட்டுவிட்டு வீசுவது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், படிக்க வேண்டாமென்றே அச்சிட்டதுபோன்ற சிறிய எழுத்தில், ஒவ்வொரு துடிப்பும் 200 நானோநொடி நீடிக்கும் என்றும், நொடிக்கு அதிகபட்சம் 5000 துடிப்புகள் என்றும் கண்டிருந்தது. இருபது வாட் என்பது அந்தத் துடிப்பின் உச்சியில் மட்டும் உள்ள திறன். இருபதை 200 நானோநொடியாலும் 5000 துடிப்பாலும் பெருக்கிப் பார்த்தோம். சராசரித் திறன் வெறும் இருபது மில்லிவாட்! அதோடு போகவில்லை. அக்கருவியில் வலிக்கு ஒரு பொத்தான், புண்ணுக்கு ஒரு பொத்தான், வீக்கத்துக்கு ஒரு பொத்தான் என வெவ்வேறு அதிர்வெண்கள் வைத்திருந்தார்கள். ஐந்நூறு அதிர்வெண் உள்ள பொத்தானை அழுத்தினால் சராசரி இரண்டு மில்லிவாட்டாகச் சுருங்கிவிடும். துடிப்பின் நீளத்தைக் கூட்டி இதை ஈடுசெய்யும் கருவிகளும் உண்டு. இது அத்தகையதா என்று விற்பனையாளரைக் கேட்டோம். அவர் கேள்வியைக் குறித்துக்கொண்டு போனவர்தாம்.

இதைக் கொண்டு 904 நானோமீட்டர் கருவிகளை இழிவாக எண்ணிவிடலாகாது. உலக லேசர் சிகிச்சைச் சங்கம் 2010-இல் வெளியிட்ட அளவுப் பட்டியலில், 780 முதல் 860 வரையுள்ள அலைநீளங்களுக்கு ஒன்றும் 904-க்கு மற்றொன்றுமாக இரண்டு அட்டவணைகள் உள்ளன. பின்னதற்குக் குறைந்த ஆற்றலே குறிக்கப்பட்டுள்ளது. இந்திய மருத்துவர்கள் எண்ணவேண்டிய மற்றொன்றும் உண்டு. நம் தோலின் கருமை ஒளியை விழுங்குவது. நார்வே நாட்டு ஆய்வாளர்கள் 2011-இல் சோதித்தபோது, 810 நானோமீட்டர் தொடர் ஒளி மிகுந்த அளவில் பட்டபொழுது கருந்தோல் வெண்தோலைவிட மிகுதியாகச் சூடேறியது. துடிப்பொளியான 904-இல் அத்தகைய சூடு ஏற்படவில்லை. வெளிநாட்டு நோயாளியின் படத்தை அட்டையில் போட்டு விற்கும் கருவியின் நேர அட்டவணையை நம் ஊரில் அப்படியே பின்பற்றுவது சரியன்று. பச்சை குத்திய இடத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும்.

ஐந்நூறு மில்லிவாட் என்றிருந்த இரண்டாவது கருவியின் தலையில் ஐந்து விளக்குகள். ஒவ்வொன்றும் நூறு மில்லிவாட். ஐந்தும் ஐந்து இடங்களில் விழுகின்றன. முதுகுபோன்ற அகன்ற பரப்புக்கு அது வசதி. விரல் மூட்டுக்கோ மூன்று விளக்குகள் வெறும் காற்றுக்கே சிகிச்சை செய்யும். மூன்றாவது, ஒரே முனையுள்ள நூறு மில்லிவாட் கருவி; 810 நானோமீட்டர். புத்தகம் மெல்லியது, சொன்னது மிகையில்லை.

இவ்வளவு கணக்கும் ஆனபின், என் மருமகன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு, ‘மாமா, நிலையத்தில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே’ என்றான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தவணையில் வாங்கியது. அறுபது மில்லிவாட் என்று முத்திரை பொறித்தது. அதில் பயன் தெரியாததாலேதான் புதியது வாங்கும் எண்ணம் அவனுக்கு வந்திருக்கிறது. கல்லூரி ஒன்றில் பௌதிகம் கற்பிக்கும் நண்பரிடமிருந்து ஒளித்திறன் அளக்கும் மீட்டரை இரவல் வாங்கி அளந்தோம். முள் பதினெட்டில் நின்றது. முனையின் கண்ணாடியைத் துடைத்து அளந்தோம், இருபத்திரண்டு. நோயாளிகளின் தோலில் படிந்த எண்ணெயே நான்கு மில்லிவாட்டை உண்டிருந்தது! இது ஒருவனுக்கு மட்டும் நேர்ந்த துரதிருஷ்டம் அன்று. பிரேசில் நாட்டில் சிகிச்சை நிலையங்களில் வழங்கிய லேசர் கருவிகளைச் சோதித்து 2010-இல் வெளியிட்ட ஆய்விலும், பெரும்பாலானவை குறிக்கப்பட்ட திறனுக்குக் கீழேயே இயங்கியதாகக் கண்டனர்.

இந்தச் சிகிச்சையின் தனித்த ஆபத்து இங்கேதான் இருக்கிறது. அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது. குறைந்த திறனில் உடலுக்கும் உறைக்காது. ‘குளிர் லேசர்’ என்று பெயரிட்டிருப்பதைக் கேட்டு, தோல் குளிரும் என்று எதிர்பார்த்து வருவோரும் உண்டு. அவ்வாறு ஒன்றும் குளிராது. ஊசி போட்டால் வலிக்கிறது, மாத்திரை கசக்கிறது. இதில் மருந்து உள்ளே சென்றதா இல்லையா என்பதை நோயாளியும் அறியார், மருத்துவரும் அறியார். கருவி ‘கீச்’ என்று ஒலித்தால் சிகிச்சை முடிந்தது என்பதே இருவரும் அறிந்தது.

அவனிடம் கழுத்துவலிக்கு வந்த மூதாட்டி ஒருவர் இருந்தார். கும்பகோணத்துப் பக்கம், கணவர் ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றுக் காலமானவர். பென்ஷன் பணத்திலிருந்து பன்னிரண்டு அமர்வுகளுக்குக் கட்டணம் செலுத்தியிருந்தார். அவருக்குச் செலுத்தியதாகக் குறித்த அளவில் மூன்றில் ஒரு பங்குதான் சென்றிருக்கிறது. அவரிடம் சொல்வதா, விடுவதா என்று இரண்டு நாள் அவன் உறங்கவில்லை. நான் யோசனை ஏதும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவர் வீட்டுக்கே சென்று பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். ‘தம்பி, பணம் இருக்கட்டும்; மெஷின் பழுதென்று இப்போதாவது தெரிந்ததே. என் கழுத்துக்குத்தான் ஒன்றும் ஆகாது என்று நினைத்திருந்தேன்’ என்றாராம் அவர். கருவி கெட்டிருந்ததை அவர் தம் உடலின் குற்றமாக எண்ணியிருக்கிறார்.

எந்த நோய்க்கு இக்கருவி உதவும் என்பதிலும் விற்பனையாளர் பேச்சுக்கும் மருத்துவச் சான்றுக்கும் நெடுந்தூரம். கழுத்துவலியைப் பற்றி 2009-இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த திறனாய்வு, 820 நோயாளிகள் இடம்பெற்ற 16 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. நாட்பட்ட வலியில் சிகிச்சை முடிந்து 22 வாரம் வரை தணிவு கண்டதாக அது கூறுகிறது. ஆனால் இடுப்புவலிக்கு உறுதியான முடிவு சொல்லப் போதிய சான்று இல்லை என்றும், மணிக்கட்டு நரம்பு நெருக்கத்துக்கு உள்ள சான்று மிக நலிந்தது என்றும் காக்ரேன் திறனாய்வுகள் கூறியுள்ளன. சான்று மிக வலுவாக நிற்பது பலர் எண்ணிப்பாராத இடத்தில். தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிரியக்கச் சிகிச்சை பெறுவோருக்கு வாயெல்லாம் புண்ணாகி, சோறு விழுங்கமுடியாமல், சிகிச்சையையே நடுவில் நிறுத்தும் நிலைகூட வருவதுண்டு. புகையிலையும் பாக்கும் மெல்லும் நம் நாட்டில் இந்நோயின் கொடுமையை விரித்துரைக்க வேண்டியதில்லை. கர்நாடகத்தின் மணிப்பாலைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 221 நோயாளிகளிடம் நடத்தி 2012-இல் வெளியிட்ட சோதனையில், லேசர் ஒளி பெற்றவர்களுக்குக் கடும் வாய்ப்புண்ணும் வலியும் குறைந்தன. அபின் வகை வலிநீக்கிகளின் தேவையும் குறைந்தது. அவர்கள் பயன்படுத்தியது 632.8 நானோமீட்டர் சிவப்பு ஒளி, ஹீலியம்-நியான் லேசர். பிரிட்டனின் நைஸ் நிறுவனமும் 2018-இல் இதற்குரிய சான்று போதுமானது என்று ஏற்றது. ஆனால் இதைப் புற்றுநோய் மருத்துவரின் மேற்பார்வையிலன்றிச் செய்யலாகாது; கட்டி உள்ள இடத்தின்மேல் ஒளி படாதவாறு காப்பதும் அவர் பொறுப்பு. வாய்க்குள் வேலைசெய்ய மெல்லிய, தூய்மைப்படுத்தத்தக்க முனை வேண்டும். முதுகுக்கென்று செய்த ஐந்து விளக்குத் தலை அங்கே நுழையாது. தாம் நாள்தோறும் காணும் நோய் எது என்பதை முடிவுசெய்யாமல் கருவியை முடிவுசெய்வது, ஆளைப் பாராமல் சட்டை தைப்பது போன்றது.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு சொல்லைப்பற்றிச் சிறிது சொல்ல எனக்கு உரிமை உண்டு. ‘அமெரிக்க அங்கீகாரம் பெற்றது’ என்று மூன்று புத்தகங்களிலும் கண்டேன். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் மூன்று வெவ்வேறு நிலைகள் உள்ளன. ‘ரெஜிஸ்டர்டு’ என்றால் நிறுவனம் தன் பெயரைப் பதிந்துகொண்டது என்றே பொருள். ‘கிளியர்டு’ என்றால், முன்பே சந்தையிலுள்ள ஒரு கருவிக்கு இது இணையானது என்று ஒப்புக்கொண்டது. ‘அப்ரூவ்டு’ என்பதுதான் கருவியின் பயனையும் பாதுகாப்பையும் தனியே ஆராய்ந்து அளிக்கும் ஒப்புதல். தமிழிலும் இந்தியிலும் மூன்றையும் ‘அங்கீகாரம்’ என்ற ஒரே போர்வையால் மூடிவிடுகிறார்கள். அவ்வாறே ‘வகுப்பு’ என்ற சொல்லும். லேசரின் கண்ணபாயத்தைக் குறிக்கும் வகுப்பு 3பி, 4 என்பது ஒன்று. நம் நாட்டு மருத்துவக் கருவிகள் விதிகள், 2017-இன்படி ஏ, பி, சி, டி என்று வகுக்கும் அபாயப் பிரிவு வேறொன்று. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் மருத்துவக் கருவிகள் யாவும் இந்திய மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிட்டன. ஆதலால் இறக்குமதிக் கருவியாயின் எம்.டி.-15 என்னும் உரிமத்தையும், உள்நாட்டுக் கருவியாயின் அதன் பிரிவுக்கேற்ப எம்.டி.-5 அல்லது எம்.டி.-9 என்னும் உரிமத்தையும் காட்டும்படி கேட்கலாம். கேட்டவுடன் அமெரிக்காவைப் பற்றிப் பேசுபவரிடம் சற்று எச்சரிக்கையாக இருப்பது நலம்.

கண்ணைப்பற்றி ஒரு சொல். 3பி வகுப்பு ஐந்நூறு மில்லிவாட் வரை. அதற்கு மேற்பட்டது 4. இரண்டும் கண்ணுக்கு ஊறு செய்யவல்லவை. சிவப்பு ஒளி கூசினால் இமை தானே மூடிக்கொள்ளும். அகச்சிவப்பு தெரியாததால் இமைக்கும் செய்தி எட்டாது. மருத்துவருக்கும் நோயாளிக்கும் தனித்தனிக் கண்ணாடி வேண்டும். அது கருவியின் அலைநீளத்துக்கென்றே செய்யப்பட்டதாக, அந்த எண் சட்டத்திலோ வில்லையிலோ பொறிக்கப்பட்டதாக இருக்கவேண்டும். கடைவீதியில் வாங்கும் கறுப்புக் கண்ணாடி உதவாது. நான்காம் வகுப்புக் கருவிகள் பல வாட் திறனுடையவை; நேரம் மிச்சமாகும்; ஆனால் ஓரிடத்தில் நிறுத்தினால் தோல் சுடும். கையை அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும். அப்படி அசைத்தால் எந்த இடத்தில் எவ்வளவு சென்றது என்ற கணக்கும் அசைந்துபோகிறது. சிறு நிலையத்துக்கு அது ஏற்றதன்று என்பது என் எண்ணம்; மாறுபட்ட கருத்துடைய மருத்துவர்களும் உளர்.

கடைசியில் என் மருமகன் மூன்றாவது கருவியையே வாங்கினான். வாங்குமுன் விற்பனையாளரிடம் மூன்று செய்திகளை எழுத்தில் பெற்றான். முனையில் உள்ள சராசரித் திறன், ஒளிபடும் பரப்பு, ஆண்டுக்கொருமுறை அளந்து சரிசெய்து தரும் பொறுப்பு. சேவைப் பொறியாளர் தில்லியிலேயே இருக்கிறாரா என்பதையும் விசாரித்தான். கருவியைப் பழுதுபார்க்கத் தொலைதூரம் அனுப்பிவிட்டு ஒரு மாதம் காத்திருப்பது சிறு நிலையத்துக்குத் தாங்காது. தில்லியின் மே மாதத்து வெயிலில் குறைகடத்தி லேசரின் திறன் சற்றுத் தளரும் என்பதால், கருவியைச் சன்னலோரத்திலிருந்து அகற்றி உள்ளறையில் வைத்தான். ஒரு மீட்டரும் விலைக்கு வாங்கிவிட்டான். அதன் விலையைக் கேட்டு என் அக்காள் முகம் சுளித்தாள்.

ஒவ்வொரு திங்களும் முதல் நாள் காலையில், முனையைத் துடைத்து, அளந்து, ஒரு நோட்டில் தேதியோடு எழுதுகிறான். அந்த நோட்டை மேசைமேல் நோயாளிகள் காணும்படி திறந்தே வைத்திருக்கிறான். கும்பகோணத்து அம்மையார் மீண்டும் வருகிறார். எழுத்துக்கூட்டி ஆங்கில எண்களைப் படிப்பார். சென்ற முறை நான் அங்கிருந்தபோது, ‘போன மாதம் தொண்ணூற்றெட்டு, இந்த மாதம் தொண்ணூற்றாறா?’ என்று கேட்டார். அவன் உடனே எழுந்து முனையைத் துடைத்து மறுபடி அளந்து காட்டினான்.